உண என்றால் மூங்கில்

1. உருண்ட கூடை

நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நான் வந்துசேர்ந்த முதல் நாளே ஒரு கூடை உருண்டது.

ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டு கலைந்து பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியிருந்தார்கள். ஊரிலிருந்து எங்களைக் கூட்டிவந்த வேலு கங்காணி, புது ஆட்களைத் துரையிடம் காட்டுவதற்காக ரோட்டோரத்தில் வரிசையாக நிறுத்திவைத்திருந்தார். அப்போது பண்டாரவளை வரைக்கும்தான் ரயில். பதுளைக்கு ரயில் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. நாங்கள் பண்டாரவளையில் இறங்கி, பானையும் மூட்டையும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தவர்கள். கால் வீங்கி, நிற்கவே முடியாமல் நின்றிருந்தோம்.

எங்களுக்கு மேலே பறித்துக்கொண்டிருந்த ஒருத்தி, தலைக்கயிற்றைக் கழற்றிக் கூடையைத் தரையில் வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் அது சாய்ந்தது. அப்படியே புரண்டு, கொழுந்தையெல்லாம் இறைத்துக்கொண்டே இறங்கி, எங்கள் காலடியில் வந்து நின்றது. அவள் மேலே நின்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து பறித்த கொழுந்து அத்தனையும் சேறாகிவிட்டது. கங்காணி அவளைத் திட்டினார். அப்போது குதிரையில் வந்து இறங்கிய துரை, கங்காணியைத் திட்டினார். கூடையை யாரும் திட்டவில்லை. எனக்குக் கூடையின் மேல்தான் கோபம் வந்தது.

கங்காணி பேச்சை மாற்றுவதற்காக என்னை முன்னால் தள்ளினார்.

"இவன் சடையன், தொரைங்களே. தொறையூருப் பக்கம். கூடை மொடையிறதுதான் தொழிலு."

"கூடை தெரியும்?" என்றார் துரை. "இந்தக் கூடை ஏன் ஓடுது?"

"அடி வட்டமா இருக்குதுங்க தொரை. எங்க ஊரு மாதிரி சமதரைக்குச் செஞ்ச கூடைங்க. சரிவுல நிக்காதுங்க."

"நிக்கிற கூடை செய்."

நிற்கிற கூடை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியும். ஆனால் அது என் ஊர் வித்தையல்ல. வருகிற வழியில் தூத்துக்குடியில், கப்பலுக்காக எங்களை அடைத்துவைத்திருந்த கொட்டகையில் கற்றுக்கொண்டது. அங்கே ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருந்தார். கஞ்சம் ஜில்லா மலையிலிருந்து வந்தவர், கோந்தர் என்ற மலைவாசிகளைச் சேர்ந்தவர் என்று கொட்டகை எழுத்துக்காரர் சொன்னார். அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் வழியில் வருவது அபூர்வம். எந்தக் கங்காணி எந்த ஆசை காட்டி அவரை அவ்வளவு தூரம் கொண்டுவந்தானோ தெரியாது. அவருடைய பாஷை கொட்டகையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அவரை ஊமை மாதிரி நடத்தினார்கள்.

மனிதருக்குச் சும்மா உட்கார வராது. வேலியிலிருந்து ஒடிந்து விழுந்த மூங்கிலை எடுத்துப் பிளந்து, கூடை முடைய ஆரம்பித்தார். எனக்கும் கை துறுதுறுத்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் ஒன்று தொடங்கினேன். என்னுடையது வட்ட அடி. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன்னுடையதைக் காட்டினார். நாலு மூலை அடி. மூலைகளை அப்படியே மடக்கி மேலே ஏற்றி, இடுப்பு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மூலை தெரியாமல் இழைத்து, வாயை வட்டமாக முடித்தார். மலையில் பிறந்தவருக்குச் சரிவில் எது நிற்கும் என்று சொல்லித்தர வேண்டுமா? நான் என்னுடையதைப் பிரித்துவிட்டு அவர் மாதிரி தொடங்கினேன். நான் தப்புச் செய்த இடத்தில் என் விரலைத் தட்டுவார். சரியாக வந்தால் உம் என்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. கொழும்பில் இறங்கியதும் அவரை வேறு கும்பலோடு ஓட்டிக்கொண்டு போனார்கள். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மனிதரிடமிருந்து முழுக் கூடையை வாங்கிக்கொண்டேன். பின்னாளில், நன்றாகப் பழகிய ஒரு மனிதனிடம் ஒரே ஒரு சொல்லைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

துரைக்கு நாலு மூலைக் கூடை முடைந்து கொடுத்தேன். கொழுந்தை நிரப்பிச் சரிவில் வைக்கச் சொன்னார். நின்றது. பூட்ஸ் காலால் ஒரு இடி இடித்தார். அப்போதும் நின்றது. "இந்த ஆள் கூடை மட்டும் செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறிப் போய்விட்டார். மலை வேலையிலிருந்து தப்பித்தேன் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அறியாதவன்.

2. கூடைக் கொட்டகை

தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் இடம். மழைக்காலத்தில் உள்ளே நனையலாம், வெயில் காலத்தில் உள்ளே வேகலாம்.

கூடை வேலையைப் பற்றித் தெரியாதவர்கள், உட்கார்ந்த இடத்து வேலைதானே என்பார்கள். உட்கார்ந்து பார்த்தால் தெரியும். புதுக்கூடை ஒன்று கொட்டகையைவிட்டுப் போனால், உடைந்த கூடை இரண்டு உள்ளே வரும். மழையில் ஊறிய கூடையைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தூக்கிப் போடுவார்கள், விளிம்பு விடும். தலைக்கயிறு கட்டும் இடம் பிய்யும். உள்பக்கம் ஒரு சிம்பு நீட்டிக்கொண்டிருந்தாலும் கொழுந்து நசுங்கிச் சிவந்துபோகும். அதற்கும் திட்டு எனக்குத்தான். நெருக்கி முடைந்தால் காற்றில்லாமல் கொழுந்து வேகும், அகட்டி முடைந்தால் கொழுந்து ஒழுகும். முதுகில் படுகிற பக்கம் கொஞ்சம் தட்டையாக இல்லாவிட்டால் பெண்களுக்கு விலா வலிக்கும். அவர்கள் என்னை வையமாட்டார்கள். போகிறபோக்கில், "கூடைக்கார மாமா, ஒங்க முதுகுல ஒரு நாளு கட்டிப் பாருங்க" என்று மட்டும் சொல்வார்கள். அது வசவைவிட மோசம்.

மூங்கில் பிளந்து கொடுப்பது என் பெண்சாதி அங்கம்மா. முடைவது என் கை என்றாலும், கூடையின் உயிர் பிளப்பதில் இருக்கிறது. தலைப்பக்கத்தில் கத்தியை வைத்து ஒரு தட்டுத் தட்டி, பிறகு கத்தியைத் திருகிக்கொண்டே போகவேண்டும். பிளவு நேராக ஓடினால் மூங்கில் ஒரு விதமாகச் சத்தம் போடும். கணுவில் முட்டி ஓரமாக ஒதுங்கினால் வேறு விதமாகச் சத்தம் போடும். கண்ணால் பார்த்துத் திருத்துவதற்குள் பிளந்தெடுக்கிற பிளாச்சு வீணாகிவிடும். காதால்தான் பிடிக்கவேண்டும். அங்கம்மாவுக்கு அந்தக் காது இருந்தது. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். நான் ஏதாவது ஒன்றைப் பிளந்தால், திரும்பாமலே, "கோணிக்கிச்சு, நிறுத்துங்க" என்பாள். கோணித்தான் இருக்கும். எரிச்சலாக வரும். நிறுத்திவிடுவேன்.

மூங்கில் கீழேயிருந்த சிங்களக் கிராமத்திலிருந்து வந்தது. ஓடையோரத்தில் இருந்த புதர்களெல்லாம் பண்டா என்பவனுக்குச் சொந்தம். என் வயதுதான் இருக்கும். வெட்டிக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு, மானாப்புல் மலையில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறிவருவான். கூடைக்குச் சிங்களத்திலும் ஏறக்குறைய அதே பெயர்தான் என்பதால், என்னைக் "கூடே" என்றே கூப்பிடுவான். எனக்குச் சொந்தப் பெயர் இருப்பது அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அவனுக்கு அரைகுறைத் தமிழ், எனக்கு அரைகுறைச் சிங்களம். இரண்டையும் சேர்த்தால் ஒரு பாஷைக்குக் காணாது. ஆனால் வியாபாரத்துக்குப் போதும்.

சிங்களத்தில் மூங்கிலுக்கு உண என்று பெயர். காய்ச்சலுக்கும் உண என்றுதான் பெயர். இது எனக்கும் தெரியும், பண்டாவுக்கும் தெரியும். ஒரு தரம் அதைச் சொல்லிச் சிரித்துக்கூட இருக்கிறோம்.

நான் கொட்டகையைவிட்டு நகர முடியாது. அதனால் பண்டாவுக்குச் சேதி சொல்ல ஒரு வழி வைத்திருந்தேன். அவன் கிராமத்து மெனிக்கே என்ற பெண் வெற்றிலைக் கூடையோடு நாங்கள் குடியிருந்த லயங்களுக்கு வந்து போவாள். அவளுக்குத் தமிழ் நாலு சொல்லுக்கு மேல் வராது. மூங்கில் தீர்ந்துவிட்டால் அவளிடம் "உண நெஹெ" என்பேன். மூங்கில் இல்லை என்று அர்த்தம். மறுநாளே பண்டா சுமையோடு வருவான். மூங்கில் இருந்தால் "உண தியெனவா" என்பேன். மூங்கில் இருக்கிறது, இப்போதைக்கு வரவேண்டாம். இந்த இரண்டே இரண்டு சொல்தான். வருஷக்கணக்காக ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

பண்டாவின் மச்சான் நாட்டு வைத்தியர். வெதமாத்தயா என்பார்கள். எங்கள் லயத்தில் கருப்பன் என்பவனுக்கு விடாத காய்ச்சல் கண்டபோது, அவர்தான் வந்து கஷாயம் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தார். அப்போது பண்டா என்னிடம், "ஒங்க வீட்டுலயும் சொகமில்லாட்டிச் சொல்லி அனுப்பு, கூடே. நான் மச்சானெ கூட்டி வாறது" என்று சொல்லியிருந்தான். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவன் அல்ல.

3. வீட்டில் உண

நல்ல மழை பெய்து வெயில் திரும்பிய சமயம். மலை முழுக்கக் கொழுந்து ஒரே நேரத்தில் வெடித்துக்கொண்டு வந்தது. அந்த மாதிரிக் காலத்தில் தோட்டத்தில் ஒருவருக்கும் உடம்பு சரியில்லாமல் போகக்கூடாது. அங்கம்மாவுக்குப் போயிற்று.

முதலில் கைகால் உளைச்சல் என்றாள். அதோடு கொட்டகைக்கு வந்து பிளந்தாள். மறுநாள் எழுந்திருக்கவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் கொயினா கொடுத்தார். எந்தக் காய்ச்சலுக்கும் அவரிடம் அது ஒன்றுதான். காய்ச்சல் இறங்கவில்லை. மறுபடியும் கொயினா கொடுத்தார். பிறகு, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நல்லது என்றார். கொண்டுபோக டோலி வேண்டும், தூக்க நாலு ஆள் வேண்டும். கொழுந்து குவியும் நாளில் நாலு ஆளை யார் விடுவார்கள்? அது அவருக்கும் தெரியும். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நான் வேலு கங்காணியிடம் போய் நின்றேன்.

"அங்கம்மாவுக்கு ரொம்ப முடியலீங்க. ஒரு நாளு விட்டீங்கன்னா கீழ போயி வெதமாத்தயாவைக் கூட்டியாந்துருவேன்."

"ஏன்டா சடையா, பொம்பளைக்குக் காய்ச்சல்னா கொட்டகையைப் பூட்டிப்புடுவியா? கொழுந்து குமிஞ்சு கெடக்கு. கூடை இல்லாம பொம்பளைங்க மடியிலயா கட்டிக்கிட்டு வருவாங்க?"

"ஒரே ஒரு நாளுங்க."

"மருந்துக்காரரு இருக்காருல்ல? தொரை கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? இந்தப் பறிப்பு ஓயட்டும். அப்புறம் ஒன் இஷ்டம்."

கங்காணி செத்துப்போய்ப் பல காலம் ஆகிறது. செத்தவரைப் பற்றிக் கெடுதலாகச் சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு ஆறவில்லை, அதனால் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் கொட்டகையில் பிளாச்சு சீவிக்கொண்டிருந்தபோது மெனிக்கே பாதையில் போவதைப் பார்த்தேன். கையில் இருந்ததோடு எழுந்து ஓடினேன்.

"மெனிக்கே! பண்டாவுக்குச் சொல்லு. கெதர உண தியெனவா. கொடக் தியெனவா."

வீட்டில் காய்ச்சல் இருக்கிறது, நிறைய இருக்கிறது என்று நான் சொன்னேன். வீட்டில் மூங்கில் இருக்கிறது, நிறைய இருக்கிறது என்று அவள் கேட்டாள். வேறு எப்படிக் கேட்பாள்? என் கையில் மூங்கில் பிளாச்சு. என் பின்னால் கொட்டகையில் மூங்கில் கட்டு. இத்தனை வருஷமாக என் வாயிலிருந்து அவள் கேட்ட உண எல்லாம் மூங்கில்தான். "ஹா, ஹா" என்று சரிசொல்லித் தலையை ஆட்டிவிட்டு, எனக்கு இரண்டு வெற்றிலையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த முறை வந்தபோது பதில் கொண்டுவந்தாள். "பண்டா ஹொந்தய் கிவ்வா." பண்டா நல்லது என்று சொன்னான். ஹொந்தய் என்றால் நல்லது, சரி, ஆகட்டும், எல்லாம்தான். மூங்கில் இருந்தால் நல்லது என்று அவன் சொல்லியிருக்கிறான். சரி, வருகிறேன் என்று நான் கேட்டேன். ஓடிப்போய் அங்கம்மாவிடம் சொன்னேன்.

"பண்டா சரின்னுட்டான். வெதமாத்தயா வராரு."

"எப்ப?"

"இன்னைக்கில்லாட்டி நாளைக்கு."

கண்ணைத் திறக்காமலே, "பிளாச்சு போதுமா, இல்ல தீந்திருச்சா?" என்று கேட்டாள். உடம்பு அடுப்பாகக் கொதிக்கிறது, பிளாச்சைப் பற்றிக் கேட்கிறாள். எங்களை இந்தத் தோட்டம் அப்படி ஆக்கிவைத்திருந்தது.

இன்றைக்கும் வரவில்லை, நாளைக்கும் வரவில்லை. ஓடையில் வெள்ளமாக இருக்கும் என்று நினைத்தேன். வெதமாத்தயா வெளியூர் போயிருப்பார் என்று நினைத்தேன். அவர்கள் ஊரில் ஏதாவது விசேஷமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு சமாதானம் நானே தயார் செய்துகொண்டேன். பண்டாவைச் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் முன்னாலேயே கிளம்பியிருப்பேன். அவன் மேல் வைத்த நம்பிக்கைதான் என்னைக் கட்டிப்போட்டது.

இதற்கிடையில் துரை கொட்டகைக்கு வந்தார்.

"சடையன், கூடை கொஞ்சம்தான் வருது. ஏன்?"

"பொஞ்சாதி காய்ச்சலாக் கெடக்குதுங்க தொரை."

"பொஞ்சாதி கூடை செய்யுதா?"

"மூங்கில் பிளந்து குடுக்கிறது அவதானுங்க."

துரை கங்காணியைத் திரும்பிப் பார்த்தார். "வேற பொம்பளை குடு" என்றார். அவரளவில் அந்தக் கஷ்டம் அதோடு தீர்ந்தது. வேறு பெண் ஒருத்தியும் வந்தாள். பாவம், அவள் பிளந்ததெல்லாம் கோணல்.

4. பண்டாவின் முற்றம்

ஒரு காலையில் அங்கம்மா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். அந்த அம்மா துறையூரில் செத்து எத்தனையோ வருஷம். லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருந்தவளைக் காவல் வைத்துவிட்டு, பெரட்டுக்குப் போகாமல், புல்மலையில் குறுக்கே இறங்கினேன். கங்காணி மேலேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தியது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

பண்டா முற்றத்தில் உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் சங்கடப்பட்டது.

"ஏன் வந்தது, கூடே? ஒனக்கு உண தியெனவா, கொடக் தியெனவா. மெனிக்கே சொல்லிச்சி. அதுனாலெ நான் வெட்டினது எல்லாம் மத்தத் தோட்டத்துக்குக் குடுத்தது. இப்ப இல்லெ."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கியது. அவன் எதிரே உட்கார்ந்தேன். வாயில் தமிழும் வரவில்லை, சிங்களமும் வரவில்லை. எட்டி அவன் நெற்றியில் என் உள்ளங்கையை வைத்தேன். பிறகு கையை எடுத்து, பல்லைக் கிட்டித்துக்கொண்டு நடுங்கிக் காட்டினேன். "அங்கம்மா" என்றேன்.

பண்டா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"அபோய்! ஏ உணத?" என்றான்.

ஐயோ, உண என்றது அந்தக் காய்ச்சலையா என்று கேட்டான். கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினான். அவன் மச்சானின் வீடு வயலுக்கு அந்தப் பக்கம். சாப்பிட உட்கார்ந்திருந்த வெதமாத்தயாவை எழுப்பிக் கூட்டிவந்தான். மருந்துப் பெட்டியைத் தானே தோளில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் மலை ஏறினான். அன்று பாட்டு இல்லை.

ஏறும்போது எனக்கு ஆத்திரம் வந்தது. அவனைத் தமிழில் கண்டபடி பேசினேன். அவன் சிங்களத்தில் பதில் பேசினான். ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியவில்லை. புரியாமல் என்ன, எல்லாம் புரிந்தது. கடைசியில் அவன் நின்று, மூச்சு வாங்க, தமிழில் சொன்னான்.

"நீ உண சொன்னா மூங்கில்தானே, கூடே? நீ எப்பவும் மூங்கில்தானே?"

அவன் சொன்னது நியாயம். கூடை முடைகிறவனுக்கு ஒரு வீடு இருக்கும், அதில் பெண்சாதி இருப்பாள், அவளுக்கும் ஒரு உடம்பு இருக்கும் என்பது யாருக்கும் முதலில் தோன்றுவதில்லை. துரைக்குத் தோன்றவில்லை. கங்காணிக்குத் தெரிந்தும் தோன்றவில்லை. பண்டா தங்கமானவன். அவனுக்கும் தோன்றவில்லை. வேலைக்காரனை வேலையாகவே பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் பழகிப்போகிறது. மற்றவர்களுக்கு மட்டுமா, நமக்கும்தான்.

வெதமாத்தயா வெகுநேரம் கைநாடி பார்த்தார். பண்டாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். "சுணங்கிப் போச்சு, சொல்றாரு" என்றான் பண்டா. "ஆனா விட மாட்டாரு." விடவில்லை. நாள் தவறாமல் மலை ஏறி வந்தார். கஷாயம் காய்ச்சும் வேலையைப் பண்டாவே செய்தான். என் அடுப்பில், என் சட்டியில், என்னை நகரச் சொல்லிவிட்டுச் செய்தான். காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது.

சொல்லாமல் போனதற்காகக் கங்காணி என் பேரை வெட்டி அன்றைக் கூலியை இல்லாமல் செய்தார். தோட்டத்தைவிட்டு விரட்டுவேன் என்று குதித்தார். விரட்டவில்லை. விரட்டினால் கூடைக்கு எங்கே போவார்?

5. பிளக்கிற சத்தம்

அங்கம்மா எழுந்து நடமாடும்போது பாதி ஆளாக இருந்தாள். தலைமயிர் கொட்டிப்போயிருந்தது. கூப்பிட்டால் சில சமயம் திரும்பமாட்டாள். அசதி என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் படுத்திருக்கச் சொன்னாலும் கேட்காமல் ஒரு காலையில் கொட்டகைக்கு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, ஒரு மூங்கிலை எடுத்துக் கத்தியைத் தட்டினாள்.

பாதி பிளந்தவள் நிறுத்தினாள். மூங்கிலைத் திருப்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பிளந்தாள்.

"என்னங்க மூங்கிலு இது? சத்தமே இல்லாம பிளக்குது?"

எனக்குக் கேட்டது. கொட்டகை முழுக்கக் கேட்டது. பதில் சொன்னேன். என்ன சொன்னேனோ நினைவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு காதையும் கையால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன்.

காய்ச்சல் அவ்வளவு நாள் தங்கியதால் காதை எடுத்துக்கொண்டது என்றார் வெதமாத்தயா. கொயினா கூடிப்போனாலும் அப்படி ஆவதுண்டு என்றார் மருந்துக்காரர். முனியாண்டி கோபம் என்றார்கள் லயத்தில். ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அங்கம்மா கொதித்துக்கிடந்த அத்தனை நாளும், கீழே ஒரு நல்ல மனிதன், எங்கள் வீட்டில் மூங்கில் நிறைந்து கிடக்கிறது என்று சந்தோஷமாக இருந்தான்.

அதற்குப் பிறகு பண்டா என்னிடம் மூங்கிலை உண என்று சொன்னதே இல்லை. "முங்கில்" என்பான். அவனுக்கு அந்தச் சொல் கடைசிவரைக்கும் நேராக வரவில்லை. அவனைப் பார்த்து அந்த ஓடையோரத்தில் வெட்டுகிற மற்றவர்களும் தோட்டத்து ஆட்களிடம் முங்கில், முங்கில் என்றே பேசினார்கள். மூங்கில் வேண்டுமென்றால் மெனிக்கே கையில் ஒரு மூங்கில் துண்டைக் கொடுத்தனுப்புவேன். வாய்ச்சொல்லை விட்டுவிட்டோம். அங்கம்மா பிளப்பதை விடவில்லை. கத்திக்கு முன்னால் இடதுகைப் பெருவிரலை ஓடவிட்டு, அதிர்வைப் பிடித்துப் பிளக்கப் பழகிக்கொண்டாள். பழைய நேர்த்தி இல்லை. பெருவிரல் பூரா வெட்டுக்காயம். இருந்தாலும் அந்த மாற்றுப்பெண் பிளந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

காது போன பிறகு அவளுக்கு ஒரு வழக்கம் வந்தது. நாம் எதைச் சொன்னாலும் உதட்டைப் பார்த்திருந்து, தனக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்லுவாள். சரி என்று நாம் தலையாட்டிய பிறகுதான் நகர்வாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் உரக்கச் சொல்லுவாள். "கூடைக்காரர் வீட்டுல எதையும் ரெண்டு தரம்தான் பேசுவாங்க" என்று லயத்தில் கேலி. முதலில் எனக்கும் அலுப்பாக இருந்தது. போகப்போக, மெனிக்கே ஒரே ஒரு தரம் இப்படித் திருப்பிச் சொல்லியிருந்தால் போதுமே என்று தோன்ற ஆரம்பித்தது.

தோட்டத்து வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கூடை முடைவதைக் கண் பார்த்தால் கை செய்துவிடும். சேதி அப்படியல்ல. சொல்லி அனுப்பினால், என்ன கேட்டாய் என்று அவர் வாயாலேயே ஒரு தரம் சொல்லச் சொல்லுங்கள். மரியாதைக் குறைவு என்று கூச்சப்படாதீர்கள். சரி என்று பதில் வந்தால் நிம்மதியாகப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். எது சரி என்று கேளுங்கள்.

எனக்கு இப்போது கூடை முடைகிற அளவுக்கு விரல் மடங்குவதில்லை. கொட்டகைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். சாயங்காலத்தில் லயத்து வாசலில் அங்கம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, "ஒடம்பு ரொம்ப அசதியா இருக்கு" என்று வாயை நன்றாக அசைத்துச் சொல்கிறேன். அவள் என் உதட்டையே பார்த்திருந்துவிட்டு, "ஒடம்பு ரொம்ப அசதியா இருக்குன்னு சொல்றீங்க" என்று பக்கத்துக் காம்பரா வரைக்கும் கேட்கச் சொல்கிறாள். ஆமாம் என்று தலையாட்டுகிறேன். இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து கங்காணியிடமும் துரையிடமும் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். காது கேட்காத இவள் ஒருத்திதான் அதைக் கேட்டிருக்கிறாள்.